மைகவ் தளம்: சொல்ல இடம் தாராளம், பதிலுக்குத்தான் பஞ்சம்

போனுக்கு, மிக்ஸிக்கு, பிரியாணிக் கடைக்கு எல்லாம் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம். நம் வரிப்பணத்தில் ஓடும், "வாருங்கள், கொள்கை வகுப்பதில் நீங்களும் பங்கெடுங்கள்" என்று கூப்பிடும் மத்திய அரசின் மைகவ் (MyGov) தளத்துக்குத் தமிழில் ஒரு உருப்படியான விமர்சனம் என் கண்ணில் பட்டதில்லை. அதனால் இது. நீளமான பதிவுதான், அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வினாடி வினா, லோகோ போட்டி, உறுதிமொழிச் சான்றிதழ் இவற்றுக்கு நல்ல தளம். ஒரு சட்ட வரைவில் ஒரு வரியையாவது மாற்ற வைக்கலாம் என்று போகிறீர்கள் என்றால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு போங்கள். ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

தளம் தொடங்கியது 2014 ஜூலை 26. நரேந்திர மோடி பிரதமராகி அன்றோடு இரண்டு மாதம். நிர்வாகம் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ். உள்ளே நுழைவதில் பெரிய சிரமம் இல்லை, மொபைல் எண்ணோ மின்னஞ்சலோ கொடுத்தால் ஓடிபி வரும். பிரதமரின் 'மன் கி பாத்' வானொலிப் பேச்சுக்கு யோசனை கேட்பது இங்கேதான். கொரோனா சமயத்தில் தடுப்பூசிச் சான்றிதழை வாட்ஸ்அப்பில் இறக்கிக்கொண்டீர்களே, அதுவும் மைகவ் பெயரில் இயங்கிய எண்தான். அதாவது, தெரியாமலேயே நம்மில் பலர் இதன் வாடிக்கையாளர்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். போட்டிகளை நடத்துவதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். தூய்மை இந்தியா திட்டத்தின் சின்னம், காந்தியின் வட்டக் கண்ணாடி, இன்று ரூபாய் நோட்டின் பின்பக்கம் வரைக்கும் வந்துவிட்டது. அது மைகவ் போட்டிக்குக் கோலாப்பூரிலிருந்து ஒருவர் அனுப்பிய வடிவம். எந்த விளம்பரக் கம்பெனிக்குக் கோடிகள் கொட்டியிருந்தாலும் இதைவிட எளிமையாக ஒன்று வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். (நம்ம உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியீடும் போட்டியில் வந்ததுதான், ஆனால் அது 2010, மைகவுக்கு முந்தைய கதை.) போட்டி என்றால் கேள்வி தெளிவாக இருக்கிறது, கடைசித் தேதி இருக்கிறது, ஒருவர் ஜெயிக்கிறார், அவர் பெயர் வெளியே வருகிறது. முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. இதே ஒழுங்கை விவாதப் பகுதியில் தேடினால்தான் ஏமாற்றம்.

விவாதப் பகுதி இப்படி இருக்கும். மேலே ஒரு அமைச்சகத்தின் அறிவிப்பு: இன்ன கொள்கை வரப்போகிறது, உங்கள் மேலான யோசனைகளைத் தாருங்கள். கீழே கருத்துகள், ஆயிரக்கணக்கில்கூட இருக்கும். ஒருவர் அக்கறையாக எண் போட்டு ஏழெட்டுப் பத்தி எழுதியிருப்பார். அவருக்குக் கீழே ஒருவர் "ஜெய் ஹிந்த்" என்று மட்டும். அடுத்தவர் தன் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டதை எழுதியிருப்பார், தேசியக் கொள்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அவருக்கு அதுதான் பிரச்சினை, பாவம் எங்கே போய்ச் சொல்வார். ஒருவர் வேலை கேட்டு போன் நம்பரைப் போட்டிருப்பார். ஒருவர் பிடிஎஃப் ஏற்றியிருப்பார், அதை எத்தனை பேர் திறந்து பார்த்தார்களோ. அமைச்சகத்தின் தரப்பிலிருந்து யாராவது நடுவில் வந்து "இந்த யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் இந்தச் சிக்கல் உண்டே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்" என்று ஒரு வார்த்தை கேட்பது அபூர்வத்திலும் அபூர்வம். கடைசித் தேதி வந்ததும் கதவு சாத்தப்படும்.

இதற்கு எழுதுபவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. "யோசனை சொல்லுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் வரும். ஒரு கிராம சபைக் கூட்டத்தில்கூட, அது எவ்வளவு சம்பிரதாயமாக நடந்தாலும், தலைவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், வரவு செலவு வாசிக்கப்படுகிறது, ஒருவர் எழுந்து "போன தடவை போட்ட தீர்மானம் என்ன ஆச்சு" என்று கேட்க முடிகிறது. கேட்டால் பதில் வருமா என்பது வேறு விஷயம், கேட்டது எல்லார் காதிலும் விழுகிறது. மைகவில் அந்த "போன தடவை என்ன ஆச்சு"வுக்கு இடமே இல்லை. சில தலைப்புகளுக்குச் சுருக்க அறிக்கை வருவதுண்டு, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அது வழக்கமாக இல்லை, அவர்களாகப் பார்த்துப் போட்டால் உண்டு.

பெரிய உதாரணம் கல்விக் கொள்கை. 2015 ஜனவரியில் மைகவில் 33 தலைப்புகளைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள், பள்ளிக் கல்விக்கு 13, உயர் கல்விக்கு 20. நல்ல தொடக்கம், அதை மறுக்க மாட்டேன், தலைப்பு வாரியாகப் பிரித்ததே பெரிய விஷயம். அப்புறம் ஒரு குழு, அது முடிந்து கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு, 2019 மே 31-ல் வரைவு வெளியே வந்தது. ஆங்கிலத்தில் 484 பக்கம். இந்தி பேசாத மாநிலங்களில் மூன்று மொழிகளில் ஒன்றாக இந்தி என்று அதில் இருந்த வரியைப் பார்த்ததும் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ட்விட்டரில் ஹேஷ்டேக், எல்லாக் கட்சிகளின் அறிக்கைகள், டிவி விவாதங்கள். ஜூன் 3-ஆம் தேதி அந்த வரியைத் திருத்திப் புது வரைவு போட்டுவிட்டார்கள். வார இறுதி ஒன்றுதான் இடைவெளி.

இதை ஒரு வாடிக்கையாளர் கண்ணோடு பாருங்கள். கருத்துச் சொல்ல என்று முறைப்படி ஒரு வழி திறந்திருந்தது, அதில் முறைப்படி எழுதியவர்களுக்குத் தங்கள் கருத்து எந்த வரியை மாற்றியது, எதை மாற்றவில்லை, ஏன் மாற்றவில்லை என்று கண்டுபிடிக்கும் வசதி கிடையாது. முறைக்கு வெளியே சத்தம் போட்டவர்களுக்கு மூன்று நாளில் பலன். நான் அந்தச் சத்தத்தின் பக்கம்தான், அது வேறு. ஆனால் இப்படி ஒரு பாடத்தைச் சேவை நடத்துபவர்களே சொல்லிக்கொடுத்தால் அடுத்த முறை படிவத்தை நிரப்ப யாருக்கு மனசு வரும்? 2020 ஜூலை 29-ல் கொள்கைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது லட்சக்கணக்கான கிராமப் பஞ்சாயத்துகள் வரைக்கும் கருத்துக் கேட்டோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதற்கு எண்ணிக்கை இருக்கிறது. கேட்டதை வைத்து என்ன செய்தோம் என்பதற்கு ஒரு அட்டவணை இல்லை.

இதைவிட எனக்கு எரிச்சல் தந்தது தனிநபர் தரவுப் பாதுகாப்பு விவகாரம். 2022 நவம்பரில் மசோதா வரைவு, 2025 ஜனவரி 3-ல் விதிகளின் வரைவு, இரண்டுக்கும் மைகவ் வழியாகத்தான் கருத்து அனுப்ப வேண்டும். மசோதாவுக்கு மட்டும் இருபதாயிரத்துக்கும் மேல் கருத்துகள் வந்தன. ஒன்றைக்கூட நீங்களும் நானும் பார்க்க முடியாது. வரும் கருத்துகளை நம்பிக்கையின் பேரில் ரகசியமாக வைத்துக்கொள்வோம், யாருக்கும் எந்தக் கட்டத்திலும் வெளியிட மாட்டோம் என்று அறிவிப்பிலேயே போட்டுவிட்டார்கள். தயக்கமில்லாமல் மனம் விட்டு எழுத வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு என்று காரணம் சொன்னார்கள். சரி, தனி ஆளுக்கு அது ஓரளவு பொருந்தும். பேர் வெளியே வந்தால் ஆபீஸில் பிரச்சினை வரலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பெரிய டெக் கம்பெனி நம் தரவைப் பற்றிய சட்டத்தில் எந்த உட்பிரிவை எப்படி வளைக்கச் சொல்லிக் கேட்டது என்று நான் தெரிந்துகொள்ளக் கூடாதா? பொது விவாதம் என்றால் நான் சொன்னதை நீங்களும் நீங்கள் சொன்னதை நானும் கேட்க வேண்டும். கல்யாண வீட்டு மொய் நோட்டில்கூட யார் எவ்வளவு என்று எழுதி வைத்து, நாளைக்கு நம் வீட்டு விசேஷத்தில் அதைப் பார்த்துத் திருப்பிச் செய்கிறார்கள். இங்கே எழுதுவதோடு நோட்டைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் எல்லாமே இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பல வருடமாக வேறு மாதிரி செய்துகொண்டிருக்கிறது, இத்தனைக்கும் அவர்களுடைய இணையதளம் பார்க்கச் சகிக்காது. அவர்கள் நடைமுறை இது: முதலில் ஒரு ஆலோசனைக் கட்டுரை, அதில் எண் போட்ட கேள்விகள். வரும் கருத்துகளை எல்லாம் தளத்தில் போடுவார்கள். அப்புறம் மற்றவர் கருத்துக்கு மறுப்பு எழுத ஒரு காலக்கெடு. அப்புறம் நேரில் ஒரு திறந்த கூட்டம். கடைசியில் வரும் முடிவோடு சேர்த்து, யார் என்ன சொன்னார்கள், நாங்கள் ஏன் இப்படி முடிவெடுத்தோம் என்று ஒரு விளக்கக் குறிப்பு. வெளிப்படையாகச் செயல்பட வேண்டும் என்று அவர்களுடைய சட்டத்திலேயே இருக்கிறது, அதனால் செய்கிறார்கள். மைகவுக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது, வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

2015 மார்ச் 27-ல் டிராய் வெளியிட்ட கட்டுரையில் 20 கேள்விகள். இணைய நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் பாரபட்சமில்லாமல் நடத்த வேண்டும் என்கிற நெட் நியூட்ராலிட்டி என்ற சொல் நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்தது அப்போதுதான். தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து, அந்த 20 கேள்விக்கும் பதில் எழுதி, ஒரு பட்டனை அமுக்கினால் மின்னஞ்சல் போகும்படி தளம் செய்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல். டிராய் அத்தனையையும் வெளியிட்டது, அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்து. ஸ்பாம் அனுப்புகிறவனுக்கு லாட்டரி அடித்த மாதிரி. வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று நான் மேலே கத்தியதற்கு இது அர்த்தமில்லை, முகவரியை மறைத்துவிட்டுக் கருத்தைப் போட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

அதே ஆண்டு டிசம்பரில் அடுத்த கட்டுரை, இந்த முறை ஃபேஸ்புக் களத்தில் இறங்கியது. குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன்னுடைய 'ஃப்ரீ பேசிக்ஸ்' சேவையைக் காப்பாற்றச் சொல்லி, ஃபேஸ்புக்கைத் திறந்தாலே ஒரு பெட்டி, தட்டினால் நம் பெயரில் டிராய்க்கு ஆதரவுக் கடிதம். பக்கம் பக்கமாக நாளிதழ் விளம்பரம் வேறு. வந்த சுமார் 24 லட்சம் கருத்துகளில் பெரும்பகுதி இந்த வகை. தலை எண்ணி முடிவெடுத்திருந்தால் ஃபேஸ்புக் ஜெயித்திருக்கும். டிராய் என்ன சொன்னது தெரியுமா, நாங்கள் கேட்டது நாலு குறிப்பிட்ட கேள்வி, உங்கள் அச்சுக் கடிதம் அதில் எதற்கும் பதில் சொல்லவில்லை, இதை ஏற்பாடு செய்யப்பட்ட வெறும் பெரும்பான்மைக் கணக்கெடுப்பாக மாற்றப் பார்க்கிறீர்கள் என்கிற ரீதியில் கறாராக எழுதிவிட்டது. 2016 பிப்ரவரி 8-ல் தளம் பார்த்துக் கட்டணம் வைக்கும் முறைக்குத் தடை. சில நாளில் ஃப்ரீ பேசிக்ஸ் கடையைக் கட்டியது. முதல் சுற்றில் ஒரு பட்டனில் மின்னஞ்சல் அனுப்பியது நம் கட்சி, இரண்டாவது சுற்றில் அவர்கள் கட்சி. எந்தப் பக்கம் பட்டன் அதிகமாக அமுக்கப்பட்டது என்பதை வைத்து முடிவெடுக்க மாட்டோம், காரணத்தை வைத்து எடுப்போம், காரணத்தை எழுதியும் காட்டுவோம் என்று ஒரு அமைப்பு நின்றது. ஆன்லைனில் கருத்துக் கேட்கும் எந்தச் சேவைக்கும் நான் வைக்கும் அளவுகோல் இதுதான்.

மொழி விஷயத்தையும் சொல்லாமல் போக முடியாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வரைவு, இஐஏ 2020 என்று நாம் சொன்னது, ஊரடங்கு நேரத்தில் வந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். ஆலை வரப்போவது நெய்வேலியிலோ தூத்துக்குடியிலோ என்றால் அங்கே இருப்பவர் எந்த மொழியில் படித்துக் கருத்துச் சொல்வார்? வழக்குப் போட்டு, 2020 ஜூன் 30-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 11 வரை அவகாசத்தை நீட்டித்து, எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொன்னது. அதற்குள் வரைவை எதிர்த்து மின்னஞ்சல் அனுப்பச் சொன்ன இளைஞர் அமைப்புகளின் இணையதளங்கள் சில முடங்கின, ஒரு அமைப்பின் தளத்தை முடக்கச் சொல்லி டெல்லி போலீஸ் உபா என்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்பி, பின்னர் வாபஸ் வாங்கியது. "கருத்துகள் வரவேற்கப்படுகின்றன" என்று எழுதியிருந்த அறிவிப்புக்குக் கருத்து அனுப்பியதற்குத்தான் இத்தனையும். லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன, வரைவு அந்த வடிவில் அப்படியே நின்றுபோனது.

இப்போது தைவானுக்குப் போகலாம். இந்த விஷயத்தைப் பேசுகிற யாரும் தைவானைச் சொல்லாமல் முடிப்பதில்லை, நானும் விதிவிலக்கில்லை. 2014 மார்ச்சில் சீனாவோடு போட்ட சேவை வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்து மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்து மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார்கள், சூரியகாந்தி இயக்கம் என்று பெயர். அதிர்ந்துபோன அரசு, இந்தப் பிள்ளைகளோடு இருந்த கணினிக்காரர்களையே கூப்பிட்டு உதவி கேட்டது. அப்படி வந்ததுதான் 'வி-தைவான்' (vTaiwan) என்கிற ஆன்லைன் கலந்தாய்வுத் தளம். அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஆட்ரி டாங் 2016-ல் அமைச்சரே ஆகிவிட்டார்.

அங்கே பயன்படுத்திய கருவி 'போலிஸ்', காலின் மெகில் முதலான சிலர் சியாட்டிலில் தொடங்கியது, காவல் துறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன், ஏனென்றால் மைகவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் புரியும். திரையில் ஒரே ஒரு வாக்கியம் வரும், சின்னதாக, பழைய ட்வீட் அளவில். கீழே மூன்று பட்டன்: ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன், தெரியாது. அமுக்கினால் அடுத்த வாக்கியம். எல்லாம் மற்ற பங்கேற்பாளர்கள் எழுதியவை. உங்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றினால் நீங்களும் ஒரு வாக்கியம் போடலாம், அது மற்றவர்கள் முன்னால் போகும். பதில் சொல்லும் பட்டன் மட்டும் கிடையாது. யாரையும் மேற்கோள் காட்டித் திட்ட முடியாது, "போடா" என்று சொல்ல வழியே இல்லை. ஓட்டுகளை வைத்து ஒரே மாதிரி நினைப்பவர்களைக் கணக்குப் போட்டுக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து ஒரு வரைபடத்தில் காட்டும், நீங்கள் எந்தக் கூட்டத்தில் நிற்கிறீர்கள் என்று ஒரு புள்ளியாகத் தெரியும். இதில் புத்திசாலித்தனமான பகுதி, எல்லாக் கூட்டங்களும் ஒப்புக்கொண்ட வாக்கியங்களைத் தனியாக எடுத்து மேலே வைப்பது. நம் சமூக வலைத்தளங்களில் சண்டைக்குத்தான் மேலே இடம்; இங்கே எதிரெதிர்க் கூட்டங்கள் சேர்ந்து தலையாட்டிய வாக்கியத்துக்கு.

2015-ல் ஊபர் பிரச்சினைக்கு இதை வைத்தார்கள். முதலில் ஊபர் வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கூட்டம். வேண்டும் என்ற கூட்டத்துக்கும் பயணிக்குக் காப்பீடு இருக்க வேண்டும், வண்டி முறையாகப் பதிவாக வேண்டும், நிறுவனம் வரி கட்ட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை என்று போகப் போகத் தெரிந்தது. டாக்ஸிக்காரர்கள் தரப்புக்கும் ஆப் வழியாக வண்டி பிடிப்பதில் விரோதமில்லை. அதை வைத்து ஊபர், டாக்ஸி சங்கங்கள், அதிகாரிகள் எல்லாரையும் உட்கார வைத்து நேரலையில் பேசி, அடுத்த ஆண்டு விதிகளை மாற்றினார்கள். அதோடு எல்லாம் சுபம் என்று கதை விட மாட்டேன், அபராதச் சண்டையில் 2017 பிப்ரவரியில் ஊபர் தைவானில் சேவையையே நிறுத்தி, ஏப்ரலில் உரிமம் பெற்ற வாடகை வண்டிகளோடு திரும்பி வந்தது. ஆன்லைனில் மது விற்பது பற்றியும் இதே தளத்தில் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள், அரசு அதை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால்தான் அப்படி. கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த ஓட்டை இருந்தால் தண்ணீர் நிற்காது.

அதனால் எனக்குப் போலிஸைவிடப் பிடித்தது தைவான் அரசு நேரடியாக நடத்தும் 'ஜாயின்' என்ற இன்னொரு தளம். அதில் தொழில்நுட்ப ஜாலம் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் கோரிக்கை வைக்கலாம், 60 நாளில் 5,000 பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் சம்பந்தப்பட்ட துறை இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். செய்தே ஆக வேண்டும் என்று இல்லை, பதில் சொல்லியாக வேண்டும். இந்த ஒரு விதி போதும். 2017-ல் "எனக்கு யானை பிடிக்கும், யானைக்கு என்னைப் பிடிக்கும்" என்கிற மாதிரி ஒரு புனைபெயரில் யாரோ பிளாஸ்டிக் ஸ்ட்ராவைத் தடை செய்யச் சொல்லிக் கோரிக்கை வைக்க, 5,000 தாண்டியது. அதிகாரிகள் யாரோ பெரிய சூழலியல் ஆர்வலர் என்று நினைத்துக் கூப்பிட்டால், வந்தது ஓட்டுப் போடும் வயதுகூட ஆகாத பள்ளி மாணவி. 2019 ஜூலை முதல் அரசு அலுவலகம், பள்ளி, பெரிய அங்காடி, துரித உணவுக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்குப் பிளாஸ்டிக் ஸ்ட்ரா கிடையாது என்று விதி வந்தது. ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும் முத்துத் தேநீர் பிறந்த ஊரில் இது! அதே 2017-ல் வருமான வரி தாக்கல் செய்யும் மென்பொருள் படுமோசம் என்று ஒரு வடிவமைப்பாளர் கடுப்பாக எழுத, கூடவே நிறையப் பேர் சேர்ந்து திட்ட, திட்டியவர்களையே அழைத்து உட்கார வைத்து அதைத் திருத்தி எழுதினார்கள். நம் ஊரில் வரி தாக்கல் தளத்தைப் பற்றி ஜூலை மாதத்தில் எழுதப்படும் கெட்ட வார்த்தைகளை எல்லாம் இப்படித் திரட்டினால் எவ்வளவு வேலை நடக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன்.

பிரிட்டன் நாடாளுமன்ற மனுத் தளத்திலும் இதே தத்துவம்தான், 10,000 கையெழுத்துக்கு அரசின் பதில், ஒரு லட்சத்துக்கு விவாதத்துக்குப் பரிசீலனை. 2019-ல் பிரெக்ஸிட்டை ரத்து செய்யச் சொல்லி 60 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது, அரசு "முடியாது" என்று எழுத்தில் பதில் கொடுத்தது. கடுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் எழுத்தில் ஒரு "முடியாது" கிடைத்தால் அதை வைத்து அடுத்து சண்டை போடலாம்.

தைவான் குட்டி நாடு, இரண்டே கால் கோடிக்குக் கொஞ்சம் மேல் பேர், நம்மோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளுங்கள், 5,000-க்குப் பதில் ஐந்து லட்சம் என்று வையுங்கள், பரவாயில்லை. இன்னொன்று, இதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. 2014 பிப்ரவரியில், மைகவ் வருவதற்கு முன்பே, மத்திய சட்ட அமைச்சகம் எல்லாத் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: எந்தச் சட்ட வரைவானாலும் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள், வந்த கருத்துகளையும் அதற்கு உங்கள் பதிலையும் சுருக்கி இணையதளத்தில் போடுங்கள் என்று. சட்டத்துக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை என்று பெயர். அருமையான காகிதம். கட்டாயப்படுத்தும் பல் மட்டும் இல்லை, அதனால் பின்பற்றுகிறவர்கள் பின்பற்றுகிறார்கள், மற்றவர்கள் மசோதாவை நேராக அவையில் வைத்துவிடுகிறார்கள். மைகவில் ஒவ்வொரு கலந்தாய்வுக்கும் கீழே "அமைச்சகத்தின் பதில்" என்று ஒரு கட்டம் வைத்து, அது காலியாக இருந்தால் காலி என்றே எல்லாருக்கும் தெரியும்படி விட்டாலே பாதி வேலை முடிந்தது. இதற்குக் கோடிக்கணக்கில் செலவாகாது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: போட்டிகளுக்கு ஐந்துக்கு நாலு. தகவல் சொல்லும் சேவையாக மூன்றரை, கொரோனா சமயத்துக்காக அரை சேர்த்திருக்கிறேன். கொள்கை விவாதத்துக்கு ஒன்றரை. டிராய்க்கு நாலு, இணையதளத்தின் முகத்தைப் பார்த்து அரையைக் குறைத்து மூன்றரை.

பிறகு ஏன் போகச் சொல்கிறேன் என்றால், நாம் விட்ட இடத்தில் சும்மா இருக்க மாட்டார்கள், கம்பெனிகளும் சங்கங்களும் வக்கீல் வைத்து எழுதி அனுப்புவார்கள். உங்கள் தொழிலைத் தொடும் வரைவு வந்தால், மீன்பிடியோ மருந்துக் கடையோ ஆட்டோவோ எதுவானாலும், எழுதுங்கள். வரைவைத் திறந்து உட்பிரிவு எண்ணைப் போட்டு, இந்த வார்த்தை இப்படி இருந்தால் எனக்கு நடைமுறையில் இன்ன சிக்கல், இதை இப்படி மாற்றுங்கள் என்று எழுதினால்தான் உள்ளே யாராவது ஒரு அதிகாரி அதைத் தொகுப்பில் சேர்ப்பார். "இந்தச் சட்டம் மோசம்" என்பதைத் தொகுப்பவருக்கு எந்த வரிசையில் போடுவது என்றே தெரியாது. தமிழில் எழுதலாம், ஆங்கிலத்தில் நாலு வரிச் சுருக்கம் சேர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் அச்சுக் கடிதத்தை அப்படியே ஒட்டாதீர்கள், ஃபேஸ்புக்குக்கு என்ன ஆனது என்று மேலே பார்த்தோம். அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், கெடு முடிந்தபின் அது தளத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். அறிவிப்பில் துறையின் மின்னஞ்சல் முகவரியும் இருந்தால் அதற்கும் ஒன்று. சட்டம் வந்த பிறகு, கருத்துகளின் சுருக்கம் எங்கே என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் பத்து ரூபாய், ஆன்லைனிலேயே போடலாம்.